விலகல் படிவம்

யாக்கிமா பள்ளத்தாக்கின் சமூகக் கல்லூரியில்
மூன்றாம் எண் ஜன்னல் என்னுடையது.
சேர வருகிறவர்களுக்கு ஒன்றும் இரண்டும்.
விலக வருகிறவர்கள் என்னிடம்.

படிவம் வெளிர்மஞ்சள்.
பெயர், எண், கையெழுத்து.
"காரணம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
ஒரு சாண்கூட வராத கோடு.
பெரும்பாலும் எழுதுவார்கள்: சொந்தக் காரணம்.
சிலர்: பிறகு வருவேன்.
வெல்டிங் படித்த ஒருவன் ஒரு புள்ளி மட்டும் வைத்தான்.
பதினோரு வருடம் முத்திரை குத்தினேன்.
அந்தச் சத்தம் எனக்குப் பிடித்தும் இருந்தது,
பொய் சொல்வானேன்.

ஆண்டுக்கு ஒருமுறை சியாட்டிலிலிருந்து ஒருவர் வந்து
திரையில் வரைபடம் காட்டுவார்.
மன உறுதி, விடாமுயற்சி, ஊக்கம்.
நீலக்கோடு ஒன்று இறங்கிக்கொண்டே போகும்.
அந்தக் கோட்டில் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.
ஆப்பிள் கிடங்கில் விடிய விடிய நின்றுவிட்டு
எட்டு மணி உடற்கூறியலுக்கு
ஈரத்தலையோடு ஓடி வருகிறவளிடம்
ஊக்கத்தைப் பற்றி
நீங்களே பேசிப் பாருங்கள்.

யாரெலி பர்ரகான் வந்தது அக்டோபர் கடைசியில்,
முதல் உறைபனி விழுந்த மறுநாள்.
செவிலியர் படிப்பில் இன்னும் இரண்டே பாடம்.
யானை நுழைந்துவிட்டது, வால்தான் பாக்கி.
முத்திரையைக் கையில் எடுத்தபிறகு
எதற்கோ கேட்டேன்:
இன்று எப்படி வந்தாய்?

கேட்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.
முந்தின வாரம் என் வண்டியும் படுத்துக்கொண்டது,
அதனால் இருக்கலாம்.

நடந்து, என்றாள்.
யூனியன் கேப்பிலிருந்து, நாலு மைல்.
காரில் ஆல்டர்னேட்டர் போய்விட்டது, முன்னூற்றுப் பத்து டாலர்.
அந்தப் பணம் கையில் இருந்தது,
கல்லூரிக்குக் கட்டிவிட்டாள்.
கட்டியும் நாற்பத்தாறு டாலர் நின்றது,
பார்க்கிங் அபராதம்.
அதற்காக அடுத்த பருவத்தின் பதிவு
பூட்டிக் கிடந்தது.

பூட்டியது யார் என்று கணக்குப் பிரிவில் கேட்டேன்.
கணினி, என்றான் ராட்னி ஹெய்ஸ்லர்.
கணினிக்குச் சொன்னது யார்?
அவன் யோசித்தான். தொண்டையைச் செருமினான்.
ஒரு விசையை அழுத்தினான். திறந்தது.
பதினோரு வருடமாக
அந்த விசை அங்கேயேதான் இருந்திருக்கிறது.

பின்புறம் சி கட்டடத்தில் ஆட்டோ வகுப்பு.
பிரித்துப் பழகச் செத்த வண்டிகள் கிடைக்காமல்
அவர்கள் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள்.
என் ஜன்னலிலிருந்து இருநூறு அடி.
இழுத்துப்போன காரை நான்கு பையன்கள்
மூன்று நாள் பிரித்தார்கள், ஒருமுறை தப்பாக.
பழைய இரும்புக் கடையில் உதிரி அறுபது டாலர்.
நீல நிற உறையில் அவள் எண்ணிக் கொடுத்தாள்,
பெரும்பாலும் ஒற்றை நோட்டுகள்.

எல்லோருடைய காரணமும்
கழற்றி மாட்டக் கூடியதல்ல.
கோல்பி ட்ரான்ட்டிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.
அம்மாவை டயாலிசிஸில் இறக்கிவிட்டு வந்தேன், என்றான்,
பதினொன்றரைக்குத் திரும்ப ஏற்ற வேண்டும்.
இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம்.
மாலை வகுப்பு, இணைய வகுப்பு,
பாதிப் பாடம் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன்.
தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.
மெதுவாகத்தான் குத்தினேன்.
மெதுவாகக் குத்தினாலும் முத்திரை அதே கறுப்புத்தான்.

படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்க
குழு கூட வேண்டுமாம். கூடட்டும்.
திங்கள்தோறும் ஐம்பது படிவங்களில்
கோட்டுக்குக் கீழே பென்சிலால் எழுதி வைக்கிறேன்.
என் கையெழுத்து கோணல்.
இடம் போதாமல் சிலர்
பின்பக்கம் திருப்பி எழுதுகிறார்கள்.

ஏப்ரலில், ஆப்பிள் மரங்கள் வெள்ளையாகக் கிடந்த வாரம்,
யாரெலி வந்தாள்.
ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், மதிப்பெண் நகல் வேண்டும் என்றாள்.
என்னை அடையாளம் தெரியவில்லை.
தவறான ஜன்னல், ஒன்றாம் எண்ணுக்குப் போ என்றேன்.
கையில் கார்ச்சாவியை ஆட்டிக்கொண்டே போனாள்,
எங்கேயோ தப்பாக நிறுத்திவிட்டு வந்தவள் மாதிரி
அவசரமாக.